கூட வைத்துக்கொண்டவர்கள்

மும்பையை அடுத்த ஐரோலியில் சனிக்கிழமை காலை ஆறரை மணி, இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் வீடு திரும்பும் நேரம். கம்பெனி வண்டிகள் செக்டர் செக்டராக ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். அப்படி இறங்கும் ஒரு பையன் தன் அறைக்குப் போகாமல் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறி வருவான். சாத்தான்குளம் பக்கத்துக்காரன், வயது 24. கதவைத் திறப்பவர் தானே-பேலாப்பூர் சாலையோரத்து ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஸ்தோத்திரம் அண்ணாச்சி" என்பான் இவன். "வா தம்பி, முதல்ல முகத்தக் கழுவு" என்பார் அவர். தரையில் பாய் விரித்திருக்கும். அதன்மேல் ஒரு வேதாகமம், ஒரு நாற்பது பக்க நோட்டு, அக்கா கொண்டுவந்து வைக்கும் காப்பி.

பல சனிக்கிழமைகளில் நான் அங்கே மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். ஓர் அதிகாரம் வாசிப்பார்கள். அதைப் பற்றிய பேச்சு அரைமணி நேரத்தைத் தாண்டாது. அதற்குப் பிறகு வருவதுதான் என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுத்தது. "ரூம்ல கூட இருக்கிற பையனுக்குக் குடுக்க வேண்டிய பணத்தக் குடுத்தாச்சா?" "அம்மைக்குப் போன் போட்டியா?" "அந்த டீம் லீடர்கிட்ட இன்னும் முகங்குடுத்துப் பேசலையா?" பையன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்வான், சிலவற்றுக்குத் தலையைக் குனிந்துகொள்வான். அண்ணாச்சி அதற்குமேல் தோண்ட மாட்டார். தான் இளவயதில் ஒரு ஃபோர்மனிடம் ஏழு மாதம் பேசாமல் இருந்த கதையைச் சொல்வார். அதில் தப்பு தன் பக்கம்தான் என்பதை ஒளிக்காமல் சொல்வார்.

சபைகளில் இதற்குச் 'சீஷத்துவம்' என்று பெயர். 'சிஷ்யன்' என்ற சொல் தமிழ் வேதாகமத்தில் 'சீஷன்' ஆயிற்று. கத்தோலிக்கர் 'சீடர்' என்கிறார்கள். கிரேக்க மூலத்தில் உள்ள 'மாத்தேத்தேஸ்' என்பதற்குக் கற்பவர் என்றே பொருள். ஆனால் என்ன கற்பது, எப்படிக் கற்பது? மாற்கு எழுதின சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொள்ளும் இடம் இருக்கிறது. அதற்கு அங்கே சொல்லப்படும் முதல் காரணம், அவர்கள் தம்மோடு இருக்க வேண்டும் என்பது. பிரசங்கிக்க அனுப்புவதும் பேய்களைத் துரத்துவதும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. முதலில் கூட இருக்க வேண்டும்: ஒரே படகில், ஒரே பந்தியில், ஒரே புழுதிப் பாதையில்.

தமிழ்ப் புராட்டஸ்தாந்து சபையின் முந்நூறு ஆண்டு வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வந்தது. சபை வேர்விட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் இன்னொருவரைத் தன்னோடு கூட வைத்துக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. அது பழுதான இடங்களில், கூட வைத்துக்கொண்டவர் பிடித்த கையை விடாத கதை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் சீஷத்துவத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

ஆரம்பத்திலேயே ஒரு தலைகீழ்ப் பாடம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்க ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரை நாடினார். அவர் தம் மாணவர்களோடு மிஷனரிகளின் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தினார். இருபத்துநான்கு வயது ஜெர்மானியர் சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதினார். போதிக்க வந்தவர் முதலில் ஒரு தமிழ் வாத்தியாரின் மாணவரானார். பிறகுதான் அவர் கையால் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அந்த வாத்தியாரின் மணலுக்கு நம் சபை வரலாறுகள் இன்னும் தக்க இடம் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்ற கடலூர்க்காரர் ஆரோன், பல ஆண்டுகள் உபதேசியாராக இருந்து, 1733 டிசம்பர் 28-இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்தாந்துக் குரு அவர். அதே காலத்தில் தஞ்சை நாட்டில் இன்னொருவர் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார். அவர் பெயர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்தவர், பறையர் குலத்தில் பிறந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் கையில் கிடைக்க, அதைப் படித்துத் தேடி வந்து சேர்ந்தவர். தஞ்சைப் பகுதியில் சபைகள் உருவானதில் அவருடைய உழைப்பு பெரிது. ஆனால் இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது அவரை ஒதுக்கிவிட்டு, 1741-இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் இராஜநாயக்கன் கையால் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்பது காரணம். நடக்கவும் போதிக்கவும் அவர் வேண்டும். அப்பம் பிட்டுக் கொடுக்க வேண்டாம். ஆசிரியர்கள் அவரை நேசித்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கதவை அவருக்குத் திறக்க அவர்கள் துணியவில்லை. அந்தக் கதவு அதற்குப் பிறகு நெடுங்காலம் மூடியே கிடந்தது.

தஞ்சைக்கு வந்தால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். 1750-இல் வந்து, 1798-இல் தஞ்சையில் இறக்கும்வரை ஊர் திரும்பாதவர், மணம் செய்துகொள்ளாதவர். அவர் வளர்த்த இரண்டு பிள்ளைகளின் கதையை மும்பைத் தமிழர்கள் நாம் கூடுதல் உரிமையோடு படிக்கலாம், ஏனென்றால் அவர்களில் ஒருவர் மராத்தியர். தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே மரபில் துளஜா மன்னர் 1787-இல் சாகும் தறுவாயில் ஒரு சிறுவனைத் தத்தெடுத்து, அவனைப் பார்த்துக்கொள்ளும்படி சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தார். அவர்தான் பின்னாளில் இரண்டாம் சரபோஜி. சித்தப்பா முறையான அமர்சிங் அரியணையில் இருந்த ஆண்டுகளில் சிறுவன் அடைத்து வைக்கப்பட்டான்; படிப்பு மறுக்கப்பட்டது. சுவார்ட்ஸ் கும்பினி அதிகாரிகளிடம் எழுதியும் பேசியும் அவனை மீட்டார். 1793-இல் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

இன்னொரு பிள்ளை திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயகம். குளோரிந்தா அம்மாள் கட்டிய பாளையங்கோட்டை ஆலயத்தை அர்ப்பணிக்க 1785-இல் சுவார்ட்ஸ் தெற்கே போனபோது, அந்தப் பையனின் அறிவைக் கண்டு, தகப்பனிடம் கேட்டுத் தஞ்சைக்குக் கூட்டி வந்தார். தாயில்லாத பிள்ளை. தன்னோடு வைத்துப் படிக்க வைத்தார். பையன் 19 வயதில் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானான். பிறகு வேதநாயகம் சாஸ்திரியார் என்று தமிழ்க் கிறிஸ்தவ உலகம் முழுதும் பாடுகிற கவிஞரானான். இன்று சயானிலும் செம்பூரிலும் கிறிஸ்துமஸ் இரவில் பாடுகிற கீர்த்தனைகளை யார் எழுதியது என்று தேடினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்போம்.

ஒருவர் மன்னர், ஒருவர் கவிஞர். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் கடைசிவரை இந்து. சரபோஜி மதம் மாறவில்லை. அதனால் சுவார்ட்ஸ் அவரைக் கைவிடவும் இல்லை. சரஸ்வதி மகால் நூலகத்தை விரிவாக்கிய, பள்ளிகள் வைத்த, மருத்துவம் கற்ற அந்த மன்னர் தன் ஆசிரியருக்காக லண்டனின் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். தஞ்சைக் கோட்டைக்குள் உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் அது இருக்கிறது. ஆசிரியர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். மன்னர் குனிந்து அவர் கையைப் பிடித்திருக்கிறார். ஒரு மிஷனரியின் வெற்றியை ஞானஸ்நானக் கணக்கில் அளப்பவர்களுக்கு இந்தச் சிற்பம் விளங்காது. ஒரு பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொண்டு, அவன் தேர்ந்த வழியில் போக விட்டு, போன பிறகும் அவனுக்குத் தகப்பனாக இருந்திருக்கிறார். சீஷத்துவத்தைப் பற்றி எந்தக் கையேட்டைவிடவும் அதிகம் எனக்குக் கற்பித்தது அந்தக் கல்.

ஆனால் அதே தஞ்சையில் நிழலும் உண்டு. சுவார்ட்ஸ் காலத்து ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் உட்காரும் வழக்கம் இருந்தது. காலம் கனியும்போது போகட்டும் என்று அவர் விட்டுவைத்தார். 1820-களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனரிகள் அதை ஒழிக்க முனைந்தபோது எதிர்த்து எழுதியவர்களில் முன்னால் நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். தமிழ் இசையையும் பூவையும் ஆலயத்திலிருந்து அகற்றக் கூடாது என்று அவர் வாதாடியது சரி. அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். அதே எழுத்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குவதும் கொடுமை என்று அவர் சொன்னது சரியல்ல. சீஷன் ஆசிரியரின் பாட்டை மட்டும் கற்பதில்லை. அவர் எதைப் பார்த்தும் பேசாமல் இருந்தாரோ அதையும் கற்றுக்கொள்கிறான். கூட இருந்து கற்பதில் உள்ள ஆபத்து இது: சொல்லாமல் விட்டதும் பாடமாகிவிடும்.

தெற்கே கதை வேறு வேகத்தில் போயிற்று. சுவார்ட்ஸ் 1790-இல் குருப்பட்டம் கொடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய சத்தியநாதன், அவரோடு சேர்ந்து உழைத்த உபதேசியார் தாவீது சுந்தரானந்தம், அவர் முயற்சியில் 1799-இல் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்காக எழுந்த முதலூர். அங்கிருந்து சபை ஊர் ஊராகப் பரவியது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் எல்லாச் சாதி மாணவரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இந்தப் பரவலில் பெயர் தெரியாத உழைப்பாளி உபதேசியார்தான். அவர் ஊரிலேயே குடியிருந்தார். பகலில் அதே கூரையின் கீழ் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, மாலையில் மணியடித்து ஜெபம், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் வாய்ப்பாடமாக. எழுத்து தெரியாத கிழவிகள் மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிக் கற்றார்கள். அந்த ஊர்களில் அவருக்குப் புத்தகம் குறைவு. குடித்துவிட்டு வந்தவனை இரவில் திண்ணையில் படுக்க வைத்து, காலையில் அவனோடு பனங்காட்டுக்கு நடந்து போய்ப் பேசும் நேரம் மட்டும் ஏராளமாக இருந்தது. மும்பைக்கு வந்த நம் தாத்தாக்கள் பலர் அந்த உபதேசியார்களின் பேரப்பிள்ளைகள்.

அந்த மண்ணில், வெள்ளாளன்விளையில், ஒரு கிராமப் போதகரின் மகனாக 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியா முழுதும் சுற்றியவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசைப் போட்டுத் தங்கள் ஆட்களை வெளியிடங்களுக்கு ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். இத்தனை பெரிய திருநெல்வேலிச் சபை ஏன் இன்னும் பெற்றுக்கொள்ளும் சபையாகவே இருக்கிறது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12-இல், திருநெல்வேலியின் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் நம்முடையவை என்பது அதன் விதி. அனுப்பிக்கொண்டே இருந்தவர் 1909-இல் தானே தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போய்க் குடியேறினார். மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தான் இருந்த இடத்தில் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியதை இன்று படித்தாலும் மனம் அதிர்கிறது. வந்திருந்த மிஷனரிகள் இந்தியாவுக்குச் செய்த தியாகங்களை நன்றியோடு சொன்னார். பிறகு, தங்களுடன் ஆண்டுக்கணக்காக உழைக்கும் இந்திய ஊழியரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை உணவு கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். கடைசியில் நீங்கள் எங்களுக்கு நண்பர்களாக வேண்டும் என்று கேட்டு முடித்தார். மாநாட்டில் சிலர் கோபப்பட்டார்கள். அவர் கேட்டது பதவியை அல்ல, நட்பை. தன்னைவிட வயதில் சற்றே மூத்த ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கரோடு அவருக்கு இருந்த நட்பில் அதன் ருசியை அவர் அறிந்திருந்தார். இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தவர்கள், ஒன்றாக ஜெபித்தவர்கள், ஒருவர் தவறை மற்றவர் எடுத்துச் சொன்னவர்கள். ஆசிரியன் நண்பனாகும் நாள் வராவிட்டால் மாணவன் முழு ஆளாவதில்லை என்பதை அனுபவத்தில் கண்டுதான் கேட்டார்.

1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். தோர்ணக்கல்லில் அவர் உண்டாக்கிய ஒரு வழக்கம் என் கண்ணுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலைமேல் கை வைத்து, சுவிசேஷத்தை நான் பிறருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் வார்த்தையைத் தனதாக்கிச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர்களில் மாலா, மாதிகா மக்களே மிகுதி. ஊருக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவர்கள். அவர்களிடம் சபை முதல் நாளே சொன்னது: நீ கற்பவன் மட்டுமல்ல, கற்பிப்பவன். இராஜநாயக்கனுக்கு மூடிய கதவை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கிறேன். 170 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி நம் மும்பைக்கு. இந்நகரத்தின் கிறிஸ்தவ வரலாற்றில் கூட இருத்தலுக்கு ஒரு முகம் உண்டென்றால் அது ஜார்ஜ் போவன். அமெரிக்கர். 1848-இல் பம்பாய் வந்தார். அடுத்த ஆண்டே மிஷன் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஜார் பகுதியில் சிறிய இடத்தில் எளிய உணவோடு குடியிருந்தார். பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார், மராத்தியில் தெருவில் பேசினார், 'பாம்பே கார்டியன்' பத்திரிகை நடத்தினார். நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் 1888-இல் இங்கேயே இறந்தார். கொலாபாவில் உள்ள மெதடிஸ்ட் ஆலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த மெதடிஸ்ட் சபை இங்கே தொடங்கிய விதமும் கவனிக்கத் தக்கது. 1871 இறுதியில் பிரசங்கியார் வில்லியம் டெய்லர் பம்பாய் வந்தபோது மெதடிஸ்ட் ஆலயம் எதுவும் இல்லை. மனந்திரும்பியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வீடுகளில் கூடச் செய்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். சபை பிறகு பிறந்தது. வீடு முதலில் வந்தது. இந்த முறைக்கு மூலம் 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருக்கிறது, அதுவும் ஒரு கடன் கணக்கில். அங்கே கட்டிய கூடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தீர்மானித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போனார். போனவர்கள் காசை மட்டும் கொண்டு வரவில்லை; இந்த வீட்டில் சண்டை, அந்த வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் பட்டினி என்ற சேதிகளையும் கொண்டு வந்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கண் விழித்தது அப்போது. இவ்வளவு நாள் நாம் தேடியது இதுதான் என்று வாரந்தோறும் கூடும் 'கிளாஸ்' முறையை அமைத்தார். கூட்டத்தில் பிரசங்கம் கேட்டவனின் வீட்டு வாசற்படியை மிதிக்காமல் அவனுக்கு உதவ முடியாது.

பெண்களின் பக்கத்தில் பண்டிதா ரமாபாய் இருக்கிறார். 1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதன் திறந்தார். உயர்சாதி விதவைகளுக்கான பள்ளி. மதம் புகட்டுவதில்லை என்ற உறுதியோடு தொடங்கியது. பிறகு புனேக்குப் போயிற்று. ரமாபாய் தம் அறையில் ஜெபிக்கும்போது கதவைச் சாத்தவில்லை. சில பெண்கள் தாங்களாக வந்து உட்கார்ந்தார்கள். அது பெரிய சர்ச்சையாகி, 1893-இல் ரானடே, பண்டார்க்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். அவர்களின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். தம்மை நம்பி வந்த ஆதரவற்ற பெண்கள்மேல் ஒரு காப்பாளருக்கு இருக்கும் செல்வாக்கு சாதாரணமானதல்ல. ஆனாலும் கதவைத் திறந்து வைப்பதற்கும் கையைப் பிடித்து இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ரமாபாய் அறிந்திருந்தார். அழைக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. தன் வாழ்க்கையைப் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் வைத்தார்.

தமிழர்கள் இந்நகரத்துக்கு வந்தபோது கொண்டு வந்தது உபதேசியாரின் மாலை ஜெபத்தை. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வந்தார்கள். மாட்டுங்காவுக்கு ஆபீஸ் வேலைக்காரர்கள் வந்தார்கள். என் அப்பா வந்து இறங்கிய தாராவி அறையில் ஒன்பது பேர் முறை வைத்துத் தூங்கினார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் இரவு விளக்கணைக்கும் முன் ஒரு சங்கீதம் வாசிப்பார், அவ்வளவுதான். புதிதாக வந்தவனுக்கு வேலை கேட்க யாரிடம் போவது, சம்பளத்தில் எவ்வளவு ஊருக்கு அனுப்புவது, எந்தச் சந்துக்குள் போகக் கூடாது என்பதை அவர்தான் சொன்னார். அப்பா அவரை 'மாமா' என்பார். சபைப் பதிவேட்டில் அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை. அப்பா குடிக்காமல் இருந்ததற்கு அந்த மாமா காரணம் என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அறை அகலம் கம்மி. யாரும் எதையும் யாரிடமிருந்தும் மறைக்க முடியாது. இன்றைக்கு ஐரோலியில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு இயர்போன். சுவரும் கதவும் நல்லவைதான், நம் தகப்பன்மார் அவற்றுக்காகத்தான் உழைத்தார்கள். ஆனால் மாமா செய்த வேலையை யாராவது இப்போது வேண்டுமென்றே எடுத்துச் செய்தாக வேண்டும். தானாக நடக்காது.

அமெரிக்காவில் டாசன் டிராட்மன் என்பவர் 1933-இல் ஒரு கடற்படை மாலுமிக்குத் தனியாக வேதம் கற்பிக்கத் தொடங்கினார். அவன் இன்னொருவனைக் கூட்டி வந்தபோது, நீயே அவனுக்குக் கற்பி என்றார். நேவிகேட்டர்ஸ் இயக்கம் அப்படி வளர்ந்தது. பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனிதர், பிறர் என்று நான்கு தலைமுறைகள் இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தின் ஒரே வசனத்தில் இருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். நம் கல்லூரிகளில் 1954-இல் அமைப்பாகத் திரண்ட மாணவர் ஐக்கியத்திலும் இதே பழக்கம் உண்டு. ஈ.யு. என்று அழைக்கப்படும் அந்தக் கல்லூரிக் குழுக்களின் அண்ணன்மார் வளர்த்த பிள்ளைகள் இன்று மும்பையின் பல சபைகளில் மூப்பர்கள்.

கெட்டுப்போன வடிவமும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. 1970-களில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஐந்து போதகர்கள் தொடங்கிய 'ஷெப்பர்டிங்' இயக்கத்தில் ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பனுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்றார்கள். வீடு வாங்குவது, வேலை மாறுவது, யாரை மணப்பது எல்லாம் மேய்ப்பன் சம்மதத்தோடு என்று அது பல இடங்களில் இறுகியது. குடும்பங்கள் உடைந்தன. டெரெக் பிரின்ஸ் விலகினார். பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இது தொலைதூரக் கதை மட்டுமல்ல. என் இருபதுகளில் நானும் ஒரு குழுவில் இருந்தேன். நடத்தியவர் உண்மையான பக்தர், அதில் ஐயமில்லை. வேறு ஊரில் எனக்கு ஒரு வேலை கிடைத்தபோது, இது தேவ சித்தமல்ல என்று தனக்கு உணர்த்தப்பட்டதாகச் சொன்னார். நான் போகவில்லை. அந்த ஆண்டு அப்பாவின் மருத்துவச் செலவுக்கு வீட்டில் பட்ட கஷ்டம் இன்றும் மறக்கவில்லை. அதைவிட ஆழமாகத் தைத்தது வேறு: அதற்குப் பின் நெடுநாள் ஜெபிக்க உட்கார்ந்தால் அவர் குரல்தான் காதில் கேட்டது. கடவுளின் குரலுக்கும் அவர் குரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. வழிகாட்டி செய்யக்கூடிய பெரிய தீங்கு அது. சீஷன் ஆசிரியருடையவன் அல்ல, ஆசிரியரும் சீஷனும் ஒரே போதகருக்குச் சீஷர்கள். இயேசு தம் ஆட்களிடம் ரபீ என்று அழைக்கப்பட விரும்பாதீர்கள், நீங்கள் எல்லாரும் சகோதரர் என்று சொன்னதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்கவைத்தது திருப்பத்தூர். வேலூருக்குத் தென்மேற்கே அந்த ஊரில் 1921-இல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள்: தமிழரான சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். கதர் உடுத்தினார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள், கோபுரத்தோடு திராவிடக் கட்டடக் கலையில் ஒரு ஜெபாலயம் கட்டினார்கள். ஊரார் அவர்களை அழைத்தது பெரியண்ணன், சின்னண்ணன் என்று. வெள்ளைக்காரர்தான் சின்னண்ணன்! ஆளும் நாட்டுக்காரர் அடிமை நாட்டுக்காரரைவிட இளையவராக வாழ்ந்த இடம் 1921-இன் இந்தியாவில் வேறெங்கே இருந்தது? 'அண்ணன்' என்ற சொல் செய்யும் வேலையைக் கவனித்துப் பாருங்கள். அண்ணனுக்கு மூப்பு உண்டு, அதட்டும் உரிமைகூட உண்டு. ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் மேலே தகப்பன் ஒருவர் இருக்கிறார். அசரியா எடின்பரோவில் கேட்டதற்குத் தமிழ்நாட்டில் கிடைத்த விடை இதுவென்று நினைக்கிறேன்.

எங்கள் இரண்டாம் மாடி 'அண்ணாச்சி'க்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. ஒருநாள் சுவார்ட்ஸையும் சரபோஜியையும் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த ராசாவுக்கு அவுக எத்தன வருசம் நேரம் குடுத்திருக்காக!" என்றார். நேரம்தான் அவருக்குத் தெரிந்த கணக்கு. ஐரோலியிலிருந்து தானேக்கு, தானேயிலிருந்து தாதருக்கு, திரும்ப அதே வழி என்று நாளில் மூன்று மணி நேரம் ரயிலில் போகிற ஊர் இது. ஞாயிறு ஆராதனை முடிந்தால் அடுத்த வேலைக்கு ஓட்டம். பிரசங்கம் யூடியூபில் எந்நேரமும் கிடைக்கிறது, வாசிப்புத் திட்டம் போனில் மணியடிக்கிறது. யாருக்கு எவ்வளவு கடன், யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பது அவற்றுக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று வந்து உட்காரும் ஒரு பையனும், அவனுக்காக ஐந்து மணிக்கு எழுந்து குளித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு கிழவரும் இந்த நகரத்தில் எளிதில் கிடைக்கிற ஜோடியல்ல.

போன மாதம் அண்ணாச்சிக்குக் கண்புரை அறுவை நடந்தது. பச்சைத் துணி மறைத்த கண்ணோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நீ நடத்து தம்பி" என்றார். அன்று புதிதாக இன்னொரு பையனும் வந்திருந்தான், ரபாலேயில் தங்கியிருப்பவன், இவனோடு வேலை பார்ப்பவன். நம் பையன் ரூத்தின் புத்தகத்தை எடுத்தான். வாசிக்க வாசிக்க வேர்த்தான். நகோமியையும் ரூத்தையும் ஓரிடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டான். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் திறந்திருந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாசிப்பு முடிந்ததும் நம் பையன் புதியவன் பக்கம் திரும்பி, "வீட்டுக்குப் பேசினியா?" என்று கேட்டான்.